யாருடைய பதினோரு நிமிடம்

12.08.2041, திங்கள்.

இன்று ஒரு சின்னத் தவறு. கவுண்டருக்கு வந்த ஒரு பெண்மணியிடம் படிவம் ஆறின் எட்டாவது கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னேன். ஜூலை ஒன்று முதல் விதி மாறிவிட்டதாம். மாலை வகுப்பில்தான் தெரிந்தது. சுற்றறிக்கை வந்த வாரம் நான் தேர்வு விடுப்பில் இருந்தேன் என்பது உண்மை. திரும்பி வந்ததும் கோப்பைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. நாளை காலை முதல் வேலையாகத் திருத்திவிட வேண்டும்.

எழுதி முடித்து நோட்டை மூடியபோது நவநீதனுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. தவறுகளை அன்றன்றைக்கே எழுதிவிடுவது அவன் வழக்கம். இருபத்து நான்கு வயது. பகலில் திருப்பூர்த் தொழில் விபத்து மன்றத்தில் மூன்றாம் கவுண்டர் எழுத்தர். மாலை ஆறரைக்குச் சட்ட வகுப்பு. இரண்டையும் ஒரே ஆள் சரியாகச் செய்ய முடியுமா என்கிற சந்தேகம் அவனுக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்ப்பான். திங்கட்கிழமை மட்டும் சரிபார்க்கவில்லை.

வந்தவள் பெயர் கோகிலவாணி. சாயப்பட்டறை ஒன்றில் மிஷின் ஓட்டுபவள். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். மூன்று வாரத்துக்கு முன் அவள் திறந்த மிஷின் மூடியிலிருந்து கொதிசாயம் பீறிட்டு, பக்கத்தில் நின்ற சுக்லால் என்ற ஜார்க்கண்ட் தொழிலாளி இறந்துபோனான். ஒன்று அவள் குற்றவாளி, இல்லையென்றால் பட்டறை சூப்பர்வைசர் குமரகுரு குற்றவாளி. புதன்கிழமை விசாரணை.

"ஏனுங் தம்பி, இந்த எட்டாவது கட்டத்துல என்னங்க எழுதோணும்?" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் எழுத வேண்டாங்க்கா. சும்மா உட்டீங்கன்னா அங்க இருந்த எல்லாரோட பட்டையையும் போட்டுப் பாப்பாங்க. உங்குளுக்கு அதுதான் நல்லது."

"நெசமாலுமா?"

"நெசந்தானுங்க."

அவள் நம்பினாள். ஜூன் முப்பதாம் தேதிவரை அது நிஜமாகவும் இருந்தது.

பட்டை என்றால் நெற்றிப்பட்டை. விரல் அகலம்தான். மிஷினைத் தொடுகிறவர்கள், மேற்பார்க்கிறவர்கள், அரசுக் கவுண்டரில் உட்காருகிறவர்கள் எல்லோரும் வேலை நேரத்தில் அணிய வேண்டும். கண் பார்த்ததையும் காது கேட்டதையும் மட்டுமல்ல, நெஞ்சு அடித்துக்கொண்டதையும், நாக்கு நுனிவரை வந்து நின்ற சொல்லையும், அந்த நேரத்தில் மனதில் ஓடிய பழைய நினைப்பையும்கூட அது பதிந்து வைக்கும். விபத்து நடந்தால் வாக்காளர் பட்டியலிலிருந்து ஐந்து பேரைக் குலுக்கி எடுப்பார்கள். ஐவரும் தொப்பி மாட்டிக்கொண்டு, விபத்தை ஒட்டிய பதினோரு நிமிடத்தைப் பட்டைக்காரரின் தலைக்குள் இருந்து வாழ்ந்துவிட்டு வருவார்கள். பிறகு தீர்ப்பு.

மாறிய விதி இதுதான்: ஒரு விசாரணைக்கு ஒரே பட்டை. எது என்று எட்டாவது கட்டத்தில் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டால், சம்பவ இடத்தில் இருந்தவர்களில் பதவியில் மூத்தவருடைய பட்டை. அதாவது குமரகுருவுடையது.

செவ்வாய்க்கிழமை எட்டே முக்காலுக்கே போய்விட்டான். கோகிலவாணியின் படிவம் தட்டில் இல்லை. முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கே சீல் வைத்து மேலே போய்விட்டிருந்தது. பிரிவுத் தலைவர் அமுதவல்லி நண்பகலில் வரும்வரை காத்திருந்து, பல தடவை ஒத்திகை பார்த்த வாக்கியத்தோடு அவர் அறை வாசலில் போய் நின்றான். அவர் யாருடனோ பேசி முடித்துத் தலையைத் தூக்கும்போது மணி ஒன்றாகியிருந்தது.

"என்னப்பா, வாசல்ல சாமி மாதிரி நிக்கற?"

சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீலை ஒடைக்கணும்னா யார் தப்புன்னு எழுத்துல குடுக்கணும். குடுக்கறியா?"

அந்தக் கேள்வியில் கோபம்கூட இல்லை. ஆனால் நவநீதனின் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவன் காதுக்கே கேட்டது. எழுத்தில் தவறு என்றால் வேலை போகும். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை இழந்தவனை வக்கீலாகப் பதிவு செய்ய மாட்டார்கள். இரண்டு வருடமாக வகுப்பில் கழித்த ஒவ்வொரு மாலையும் வீணாகும். 

"இல்ல மேடம், வந்து…"

"சூப்பர்வைசர் பட்டையப் பாத்தா மட்டும் அநியாயமா தீர்ப்பு வந்துருமா? அவரும் மனுசந்தானே. நீயே எதுக்கு முடிவு பண்ற? போ."

அதுவும் சரிதானோ என்று தோன்றியது. கால்கள் நடுங்க, எப்படியும் சாயங்காலம் இன்னொரு தடவை வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இடத்துக்குத் திரும்பினான்.

அன்று பிற்பகல் அவனுக்குப் பதிவுகளை ஓட்டிப் பார்க்கும் ஓட்டறையில் வேலை. விசாரணைக்குப் போகும் பதிவில் இடைவெளி இல்லை என்று ஒரு எழுத்தர் முழுக்க ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டறை என்பது பெரிய பீரோ அளவுதான்; ஒரு நாற்காலி, ஒரு தொப்பி, ஒரு மின்விசிறி. தொப்பியில் முன்பு மாட்டியவர்களின் தலைவியர்வை நாற்றம் போவதே இல்லை. அன்று ஓட்ட வேண்டியது குமரகுருவின் பதிவு.

தொப்பி காதுவரை இறங்கியதும் நவநீதன் இல்லாமல் போனான்.

இடது முழங்கால் வலித்தது. பதினான்கு மிஷின்களின் இரைச்சலில் எது எந்த மிஷின் என்று காதுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தபடி இருந்தது. சாயம் ஏற்றும் லாட் எப்போது முடியும் என்று முதலாளி. காலையிலிருந்து உட்காரவில்லை. ஒன்பதாம் மிஷினின் சத்தத்தில் ஏதோ சரியில்லை. சுவரில் இருந்த பெரிய பிரஷர் மீட்டரைப் பார்த்தபோது முள் இறங்கவே இல்லை. ஒன்பதாம் மிஷினுக்கு முன்னால் ஒரு பெண்ணின் முதுகு. அவள் கை மூடியின் பிடியில். கூப்பிட்டார், தொண்டை கிழியக் கூப்பிட்டார், முழங்காலை மறந்து ஓடினார். அந்த முதுகு திரும்பவில்லை. பிறகு வெள்ளையாக ஆவி. தன் சட்டையைக் கழற்றி சுக்லாலின் மேல் போர்த்தியபோது அவர் கைகளும் வெந்தன; அது அவருக்குத் தெரியவில்லை. இன்னும் முன்னாலேயே பார்த்திருக்கலாமே என்ற ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

தொப்பியைக் கழற்றியபோது நவநீதனின் முகம் நனைந்திருந்தது. வெளியே வந்தவனிடம் பக்கத்துக் கவுண்டர் ஜெரினா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவனைவிட இரண்டு வயது மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன, சார் யாரா திரும்பி வந்திருக்கீங்க?"

"அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல ஜெரினா. அவர் அந்தக் கத்து கத்தறாரு. ஒரு தடவ திரும்பியிருந்தா…"

"ம். மூணு மணிநேரத்துக்கு நீ குமரகுரு. காபி குடி, எறங்கும்."

"எதுக்கு ஒரே பட்டைன்னு மாத்துனாங்க?"

"ஏப்ரல்ல அந்த லிப்ட் கேஸு. மூணு பேரு தலைக்குள்ள போயிட்டு வந்தாங்க அஞ்சு பேரும். வெளிய வந்து யாருமே பேசல. யார் குத்தவாளின்னு கேட்டா அழுவறாங்க. ஒருத்தரு எழுதிக் குடுத்துட்டாரு, மூணு பேருமே நாந்தான், என்னையே ஜெயில்ல போடுங்கன்னு. இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்காரு. தீர்ப்பே வராத மன்றம் எதுக்குன்னு மேல கேட்டாங்க. ஒண்ணு போதும்னுட்டாங்க."

"ஒண்ணு மட்டும் பாத்தா தீர்ப்பு வந்துருதா?"

"டக்குனு வருது. உனக்கே வந்துருச்சே இப்ப."

அன்றிரவு நவநீதன் தன் பணி நோட்டை எடுத்து உட்கார்ந்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு விசாரணையையும் குறித்து வைத்திருந்தான். ஒரே பட்டை மட்டும் கிடைத்த வழக்குகளைத் தனியே பிரித்தான். அறுபத்தெட்டு. அவற்றில் பட்டைக்காரரே குற்றவாளி என்று தீர்ப்பானவை இரண்டு. அந்த இரண்டிலும் பட்டைக்காரர்கள் குடித்திருந்தார்கள். அறுபத்தாறு தடவை வேறு யாரோ. இந்த எண்ணை இத்தனை நாள் கண்முன் வைத்துக்கொண்டே, உண்மை வெளியே வருகிறது என்று நினைத்திருந்தான். மேடத்திடம் இரண்டாம் தடவை போகவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனாலும், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த முதுகின் மேல் இருந்த கோபம் அவனுக்கு இன்னும் இறங்கியிருக்கவில்லை.

புதன்கிழமை ஐவர் குழு உள்ளே போய் வந்தது. இருபது நிமிடத்தில் தீர்ப்பு. ஐந்து பேரும் ஒரே வாக்கு. கவனக்குறைவால் மரணம், கோகிலவாணிக்கு மூன்று ஆண்டு. செவ்வாய்க்கிழமை, இருபதாம் தேதி காலை சரணடைய வேண்டும். குழுவில் ஒரு பெண் வெளியே போகும்போது குமரகுருவின் கட்டுப் போட்ட கையைத் தொட்டு, "மனசத் தளரவிடாதீங்கண்ணா" என்றாள். நவநீதன் அதைக் கதவோரம் நின்று பார்த்தான். கோகிலவாணி பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் சுதந்திர தினம். கொடியேற்றினார்கள், ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள், பத்து மணிக்கெல்லாம் அலுவலகம் காலியாகிவிட்டது. நவநீதன் லட்டை மேசையில் வைத்துவிட்டுப் பதிவறைக்குப் போனான். கோகிலவாணி வழக்கின் பெட்டியில் மூன்று உறைகள் இருந்தன. மூன்றாவதில் ஒரு கறுப்பான, உருகிச் சுருண்ட துண்டு. 'சுக்லால். பதிவு கிடைக்காது' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கோகிலவாணியின் பெயர் இருந்த இரண்டாம் உறையை எடுத்துக்கொண்டு ஓட்டறைக் கதவை உள்ளே தாழிட்டான்.

இந்தத் தடவை பாதங்கள் எரிந்தன. பதினோரு மணிநேரம் நின்ற கால்கள். எதிரில் இருந்த சின்ன மீட்டரின் கண்ணாடி ஆவியில் வெளுத்துப்போய், முள் இருப்பதே தெரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நினைப்பு, பல்லில் மாட்டிய நார்போல வந்தபடி இருந்தது: நாலு தடவை சொல்லியாயிற்று. அழுத்தம் இறங்காமல் மூடியைத் திறக்கவிடாத பூட்டைக் குமரகுரு கழற்றி வைத்து மூன்று வாரம் ஆகிறது. பூட்டு இருந்தால் ஒவ்வொரு லாட்டுக்கும் எட்டு நிமிடம் கூடுதலாகுமாம். "பாத்துக்கலாங்க்கா, இந்த லாட் போகட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற குமரகுருவின் முகம் மனதில் வந்து வந்து போனது. பின்னாலிருந்து சுக்லால், "பானி எறங்குச்சு அக்கா" என்றான். தண்ணீர் வடிந்துவிட்டது, மூடி திறக்கலாம் என்று அர்த்தம். ஆறு வருடமாக அவன் குரலை நம்பி மூடி திறந்திருக்கிறாள். திறந்தாள். வேறு எந்தக் குரலும் அந்தப் பதினோரு நிமிடத்தில் இல்லை. இரைச்சல் மட்டும்தான்.

நவநீதன் தொப்பியைக் கழற்றினான். முந்தாநாள் எந்த மனிதருக்காக அழுதானோ, அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அந்த முழங்கால் வலியும் நிஜம். இந்தச் சிரிப்பும் நிஜம். பூட்டைக் கழற்றிய நாள் பதினோரு நிமிடத்துக்கு வெளியே இருந்தது. குமரகுரு அன்று அதை நினைக்கவும் இல்லை. நினைக்காத காரணத்தாலேயே அவர் தலைக்குள் போனவர்களுக்கு அவர் சுத்தமானவர். பீரோ அளவு அறையில், தாழிட்ட கதவுக்குப் பின்னால், தன் நெஞ்சுக்குள் இப்போது இருப்பது யாருடைய கோபம் என்று அவனுக்கே தெரியவில்லை. யார் தலைக்குள் போனாலும் அங்கேயே மாட்டிக்கொள்கிற தன் தலையை வைத்துக்கொண்டு என்ன சட்டம் படிப்பது?

ஒன்று மட்டும் யார் தலையும் தேவைப்படாமல் தெரிந்தது. ஐவர் குழு எந்தத் தலைக்குள் போனது என்பதை முடிவு செய்தவன் அவன்.

வெள்ளிக்கிழமை காலை கோகிலவாணி கவுண்டருக்கு வந்தாள்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியேதானுங்க உட்டேன். எல்லாத்தோடதையும் பாப்பாங்கன்னீங்க. எம்பட பட்டையை ஒருத்தரும் பாக்கலையாட்ட இருக்குதே? அதை ஆருகிட்டங்க கேக்கோணும்?"

குரலில் புகார் இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல் கேட்டாள். நவநீதன் கவுண்டர் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு நேரே அமுதவல்லியின் அறைக்குப் போனான். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தான்.

"எழுதித் தர்றேன் மேடம். தப்பு என்னோடது."

"இப்ப குடுத்து என்னப்பா ஆகப்போகுது?"

"ஊழியர் தப்புன்னு நிரூபிச்சா மறுவிசாரணை உண்டுங்க மேடம். பதினேழாவது விதி."

"விதியெல்லாம் தெரியுது. தேதி மட்டும் தெரியல உனக்கு," என்றபடி தாளை நகர்த்தினார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார். அவருக்கும் பயம்தான்.

சனிக்கிழமை காலை மூவர் குழு கூடியது. ஊழியர் மீதான விசாரணையில் ஊழியரின் பட்டைதான் என்பது விதி. திங்கள் நண்பகலின் பதினோரு நிமிடம், செவ்வாய் நண்பகலின் பதினோரு நிமிடம். மூவரும் தொப்பி மாட்டிக்கொண்டு அவன் தலைக்குள் போனார்கள். கண்ணெதிரே மூன்று அந்நியர்கள் நவநீதனாகிக்கொண்டிருந்தார்கள்; அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கழற்றியதும் தலைவர், ஓய்வுபெற்ற தாசில்தார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, திங்கக்கெழமை நீ காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கலியே. எங்க வயிறே எரிஞ்சிருச்சு."

"அது வேறங்க சார். நான் தப்பாச் சொன்னேன்."

"தப்பாச் சொல்லோணும்னு சொன்னியா? அந்தம்மாவுக்கு நல்லது பண்ணோணும்னு எப்படித் துடிச்சுது உம்மனசு! நாங்க பாத்தமே."

"செவ்வாக்கெழமை தெரிஞ்சும் எழுதிக் குடுக்கலீங்க."

"எந்தப் பயம் பயந்தே! இதா பாரு, எங்கையி இன்னும் நடுங்குது." அவர் நிஜமாகவே கையைக் காட்டினார். "பயப்படறது குத்தமாப்பா? சாயங்காலம் வந்து சொல்லீரலாம்னுதானே திரும்புனே?"

"போகலீங்களே சார்!"

"அது பதினோரு நிமிசத்துல இல்ல," என்றார் பக்கத்திலிருந்தவர், அன்பாக.

ஊழியர் மீது குற்றமில்லை. அதனால் மறுவிசாரணைக்குக் காரணமும் இல்லை. தலைவர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். அவர் கைச்சூடு சட்டைக்குள் இறங்கியது. நவநீதனுக்குப் பஞ்சுப் பொதிக்குள் விழுந்தவன் மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் மோதினாலும் மெத்தென்று உள்வாங்கிக்கொள்கிறது. உடைப்பதற்கு ஒரு சுவர் கிடைக்கவில்லை.

வராந்தாவில் ஜெரினா காத்திருந்தாள்.

"மூஞ்சியப் பாத்தா தண்டனை குடுத்துட்டாங்க போலிருக்கே."

"விட்டுட்டாங்க."

"அடப்பாவமே."

"சிரிக்காத ஜெரினா. செவ்வாக்கெழமை அந்தக்கா ஜெயிலுக்குப் போகுது. என்னை யாராவது வெளியிலிருந்து பாக்கணும். உள்ள வந்தா எல்லாரும் எம்பக்கம் சாஞ்சிடறாங்க."

"அந்தம்மா பட்டையிலருந்து பாக்கச் சொல்லேன்."

"இடைநீக்கத்துல இருக்காங்க. கவுண்டருக்கு வந்தப்ப பட்டையே இல்ல."

ஜெரினா நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு, "நாற்பத்திரண்டாவது பிரிவு," என்றாள். "பட்டை வர்றதுக்கு முந்தி இருந்தது. எடுக்காமலே விட்டுட்டாங்க. மேல்முறையீட்டுல, சம்பவ இடத்துல இருந்த கேமராப் பதிவைக் கேக்கலாம். ஆறு வருசமா யாரும் கேக்கல. முந்தியெல்லாம் அதை வச்சுத்தான் தீர்ப்பு. ரொம்பக் கடுமையா வருதுன்னுதான் பட்டையே கொண்டுவந்தாங்க. உன் தீர்ப்பு மேல மேல்முறையீடு பதிவானாலே, அது முடியற வரைக்கும் அந்தம்மா சரணடையறது நிக்கும்."

"எங்க இருக்கு கேமரா?"

அவள் கவுண்டர் கூடத்துக்குள் கையைக் காட்டினாள். கூரை மூலையில் தூசி படிந்த கறுப்புக் குமிழ். அதன் பதிவுகள் அவள் பொறுப்பில்தான் இருந்தன. "உம்மேல நீயே மேல்முறையீடு. பேப்பர்ல போட்டோ வரும். மொதல்ல பாத்துட்டு முடிவு பண்ணு," என்று செவ்வாய்க்கிழமைப் பதிவைச் சின்னத் திரையில் ஓட்டினாள்.

சத்தமில்லாத படம். மேலிருந்து பார்க்கையில் தலைகள்தான் பெரிதாகத் தெரிந்தன. ஒல்லியான ஒருவன் ஒரு கதவின் முன் நிற்கிறான். உள்ளிருக்கும் பெண்ணோடு நாற்பது விநாடி பேசுகிறான். திரும்பி நடக்கிறான், நடையில் நடுக்கம் எதுவும் தெரியவில்லை. இடத்துக்கு வந்து உட்காருகிறான். மேசைக்கு அடியிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறக்கிறான். சாப்பிடுகிறான். பக்கத்து இருக்கைப் பெண் ஏதோ சொல்ல, வாய் நிறையச் சோற்றோடு தோள் குலுங்கச் சிரிக்கிறான். டப்பாவைக் கழுவி வருகிறான்.

"நான் சிரிச்சனா?" என்றான் நவநீதன்.

"நாந்தான் மேடத்தோட கண்ணாடியப் பத்தி ஏதோ சொன்னேன்."

அவனுக்குக் கொஞ்சமும் ஞாபகமில்லை. அந்த நேரத்தைப் பற்றி அவனுக்குள் மிஞ்சியிருந்தது நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும்தான். இந்தப் படத்தில் நெஞ்சு இல்லை. இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தான். இவனை எந்தக் குழுவும் விடாது. வேலை, வகுப்பு, கறுப்புக் கோட்டு எல்லாம் இந்தக் கால் மணி நேரத்தில் போய்விடும். ஆனால் இதுவும் முழு உண்மையா? இவன் பயந்தது பொய்யா? யாரிடம் போய் இதைக் கேட்பது என்று தெரியாமல் வீட்டுக்குப் போனான்.

ஞாயிறு பிற்பகல் ஆண்டிபாளையத்தில் விசாரித்து விசாரித்துக் கோகிலவாணியின் வீட்டைக் கண்டுபிடித்தான். வரிசை வீடுகளில் கடைசி. ஒரு அறை, ஒரு ஜன்னல். கட்டிலில் ஒரு பை, அதில் மடித்து வைத்த இரண்டு புடவைகள். கொண்டுபோக என்னென்ன அனுமதி என்று யாரோ எழுதிக் கொடுத்த தாள் பக்கத்தில் இருந்தது.

"வாங்க தம்பி, ஒக்காருங்க. டீ வெக்கிறேன்."

வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. டம்ளர் கைக்கு வந்தபிறகு, கட்டத்தைப் பற்றியும் மாறிய விதியைப் பற்றியும் மூவர் குழு விட்டுவிட்டதைப் பற்றியும் சொன்னான். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"எனக்கும் நீங்க சொன்னது தப்பா இருக்கும்னு அப்பறம் தோணுச்சுங்க. ஆனா அன்னிக்கு அந்தக் கூட்டத்துல நீங்க ஒருத்தருதான் மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்க. வேணும்னா செஞ்சீங்க? வெளங்காத படிவம். உடுங்க."

"நீங்க என்னையத் திட்டோணுங்க்கா."

அவள் சிரித்தாள். "திட்டுனா எனக்கு மூணு வருசம் ரெண்டாவுமா?"

எழுந்து போய்விடலாம் என்று அப்போது தோன்றியது. தாசில்தார் விட்டுவிட்டார், இவளும் விட்டுவிட்டாள். மன்னிக்க வேண்டியவர்கள் எல்லோரும் மன்னித்த பிறகு அவன் ஒருவன் மட்டும் எதற்குப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? டம்ளரில் டீ ஆடை கட்டியது. வாசல் திறந்தேதான் இருந்தது. ஆனால் இந்தப் பெண் மன்னித்தது திங்கட்கிழமையை மட்டும்தான். அவன் சொல்லாமல் போனால் மற்றது அவன் தலைக்குள்ளேயே கிடக்கும். அங்கே அது என்றைக்கும் பயமாகத்தான் இருக்கும், குற்றமாகாது.

"எனக்குத் திங்கக்கெழமை ராத்திரியே தெரியுமுங்க்கா."

"என்னது?"

"நான் சொன்னது தப்புன்னு. விசாரணை புதன்கெழமை. செவ்வாக்கெழமை மேடம் கேட்டாங்க, எழுத்துல குடுக்கறியான்னு. குடுத்திருந்தா நிறுத்தியிருப்பாங்க. வேலை போயிரும்னு குடுக்கல."

கோகிலவாணி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ பேர் தலைக்குள் போய் வந்தவனுக்கு, அந்தக் கண்களுக்குள்ளிருந்து தான் எப்படித் தெரிகிறோம் என்று ஊகிக்கக்கூட முடியவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு மத்தியானம் சோறு தின்னீங்களா தம்பி?"

"தின்னேனுங்க."

அவள் கிட்டே வந்து அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீயைச் சாக்கடையில் ஊற்றினாள்.

"போங்க," என்றாள்.

கதவு சாத்திய சத்தம்கூட பெரிதாக இல்லை. நவநீதன் அந்த வரிசை வீடுகளைக் கடந்து பஸ் நிறுத்தம்வரை நடந்தான். யாரும் தோளைத் தட்டவில்லை. எங்கே போகின்றன என்று அவன் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

18.08.2041, ஞாயிறு.

நாளை: பட்டை அணியாமல் போவது. ஒன்பதரைக்கு முன் மனுதாரர் வரிசையில் நிற்பது. நாற்பத்திரண்டாவது பிரிவின் கீழ் மேல்முறையீடு, கேட்பது, 13.08 கூரைக் கேமராப் பதிவு, ஒரு மணி முதல் ஒன்றேகால் வரை, முழுவதும். எதிர்மனுதாரர் பெயர்: ப. நவநீதன், எழுத்தர். பதிவு எண் கிடைத்ததும் பத்து மணி பஸ்ஸில் ஆண்டிபாளையம் போய் அதன் நகலைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு வருவது. கதவைத் தட்ட வேண்டாம்.